தாத்தாவின் ஸ்டேஷனும் 12 மில்லிமீட்டர் மீட்டர் கேஜும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வரும், சரித்திரம் வரும், கடைசியில கொசுவத்தியும் சுத்தும். ரயில் பிடிக்காதவங்க இப்பவே அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம் :-)

பகல் முழுக்க பொட்டி தட்டிட்டு வர்ற ஆளு ராத்திரி என்ன பண்ணுவான்? சீரியல் பார்ப்பான், தூங்குவான். நான் ரெண்டு வருஷமா ஹால்ல ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு பொம்மை ரயில் கட்டிக்கிட்டு இருக்கேன். "பொம்மை ரயில்"னு நான் சொல்லலை, தங்கமணி சொல்றது. நான் "மாடல் லேஅவுட்"னு திருத்துவேன். "அந்த மாடல் லேஅவுட்டால சோபா போட இடமில்லை"னு பதில் வரும். நியாயம்தான்.

பலகை எட்டு அடி நீளம், ஒண்ணரை அடி அகலம். அதுல கட்டுறது விழுப்புரம் – மயிலாடுதுறை மெயின் லைன்ல இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன். 1970-கள் வாக்குல, மீட்டர் கேஜ் காலத்துல அது எப்படி இருந்ததோ அப்படி. ஸ்டேஷன் பேரைச் சொல்லப் போறதில்லை. அது எங்க தாத்தாவோட எஞ்சின் தண்ணி பிடிச்ச ஸ்டேஷன். பேரைச் சொன்னா பழைய ஷெட் ஆளுங்க ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க, அவருக்கு அதெல்லாம் பிடிக்காது.

தாத்தா, அப்பாவோட அப்பா. 1958-ல விழுப்புரம் லோகோ ஷெட்டுல கிளீனரா சேர்ந்தார். அப்புறம் ஃபயர்மேன், ஷண்டர், டிரைவர். 1996-ல ரிடையர் ஆனார். இப்போ 87 வயசு. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எஞ்சினோட சேர்ந்து அவர் எடுத்துக்கிட்ட புகைப்படம் எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல இந்த மீட்டர் கேஜ் எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம். அது தெரியாம மீதி புரியாது.

ஒரு மீட்டர் எப்படி வந்தது?

1853-ல பம்பாய் – தாணே முதல் பயணிகள் ரயில் ஓடினப்போ தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். அதுதான் நம்ம பிராட் கேஜ், அகலப் பாதை. 1856-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்டதும் அதேதான். ஆனா அகலப் பாதைக்குச் செலவு ஜாஸ்தி. பாலம், கரை, பெட்டி எல்லாமே பெருசு. 1870-ல வைஸ்ராயா இருந்த மேயோ பிரபு, கூட்டம் குறைவான பகுதிகளுக்கு சின்ன கேஜ் போதும்னு முடிவு பண்ணார். முதல்ல யோசிச்சது 3 அடி 3 அங்குலம். மெட்ரிக் அளவு இந்தியாவுக்குக் கூடிய சீக்கிரம் வரப் போகுதுன்ற நினைப்புல அதை இத்துனூண்டு நீட்டி ஒரு மீட்டர்னு வெச்சாங்க.

மெட்ரிக் அளவுக்கான சட்டம் நமக்கு வந்தது 1956-ல! எண்பது வருஷத்துக்கும் மேல கடைக்காரர் துணியை கஜத்துல அளந்தார், பருப்பைப் படியில அளந்தார், ரயில் மட்டும் மீட்டர்ல ஓடிச்சு. ஃபியூச்சர் ரிலீஸை நம்பி டிசைன் பண்றது நம்ம தொழில்ல மட்டும்தான்னு நினைச்சிருந்தேன் :-)

இன்னொரு கூத்து கேளுங்க. நாகப்பட்டினம் – தஞ்சாவூர் பாதை 1861-லயும், திருச்சி வரைக்கும் 1862-லயும் திறந்தாங்க. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு கம்பெனி. அப்போ அது அகலப் பாதை. 1874-ல அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயோட சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. 1870-கள் முடியறதுக்குள்ள அந்த அகலப் பாதையைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினாங்க. 120 வருஷம் கழிச்சு, 1990-களோட கடைசியில ஆரம்பிச்சு, மீட்டர் கேஜைப் பிடுங்கி மறுபடி அகலப் பாதை ஆக்கினாங்க. அகலம், குறுகல், மறுபடி அகலம். பாட்டி பாவாடையைச் சுருக்கிப் பேத்திக்குப் போட்டு, அப்புறம் தையலைப் பிரிச்சு விட்ட மாதிரி.

நடுவுல இருந்த அந்தக் காலம்தான் தமிழ்நாட்டு ரயிலோட முக்கால்வாசி கதை. எழும்பூர்ல கிளம்பி விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர்னு போற மெயின் லைன், போட் மெயில், 1914-ல திறந்த பாம்பன் பாலம், 1931-ல மின்சாரமான பீச் – தாம்பரம் லைன், எல்லாமே மீட்டர் கேஜ்தான். தாத்தா போட் மெயிலுக்குக் கரி அள்ளிப் போட்டிருக்கார். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போனதுக்கு அப்புறமும் அவரும் அவர் சகாக்களும் அந்த வண்டியை போட் மெயில்னுதான் சொன்னாங்க. இன்னிக்கும் அவருக்கு அது போட் மெயில்தான்.

1992-ல ஒரே கேஜ் திட்டம் வந்தப்போ நாட்டுல மீட்டர் கேஜ் மட்டும் 23,000 கிலோமீட்டருக்கு மேல இருந்தது. மாத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன். கேஜ் மாறுற இடத்துல எல்லாம் ஒரு வேகன்ல இருந்து இன்னொரு வேகனுக்கு ஆள் வெச்சு மூட்டை மாத்தணும். நேரம் போகும், சரக்கு சிந்தும், முதுகு உடையும். அதைச் சுமந்தவங்ககிட்ட போய் "மீட்டர் கேஜ் அழகு"ன்னு கவிதை பாடினா உதைப்பாங்க.

சென்னை பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் 2004 ஜூலையில முடிஞ்சது. எங்க விழுப்புரம் – மயிலாடுதுறை லைனை 2006 கடைசியில மூடி, 2010-ல அகலப் பாதையா திறந்தாங்க. மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தாத்தா என்னைக் கூட்டிட்டுப் போய் அதுல ஒரு தடவை வந்தார். எனக்கு எட்டு வயசு. டீசல் எஞ்சின். ஜன்னல் கம்பியில மூஞ்சியை வெச்சு அழுத்தினதும், கம்பியோட துரு வாசனையும் ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்லை. அன்னிக்கு ஒழுங்கா பார்த்திருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

இன்னிக்கு தமிழ்நாட்டுல மீட்டர் கேஜ்ல ஓடுறது ஊட்டி மலை ரயில் மட்டும்தான்.

ஸ்விட்சர்லாந்து புண்ணியத்தில்

இப்போ கணக்கு. மாடல் ரயில்ல உலகம் முழுக்கப் பிரபலமான அளவு எச்ஓ. நிஜத்துல 87 மில்லிமீட்டர் இருந்தா மாடல்ல ஒரு மில்லிமீட்டர். ஐரோப்பா, அமெரிக்காவோட ஸ்டாண்டர்ட் கேஜ் 1435. அதை 87-ஆல வகுத்தா 16.5. கடையில கிடைக்கிற எச்ஓ தண்டவாளம் கரெக்டா 16.5 மில்லிமீட்டர்தான்.

நம்ம அகலப் பாதை 1676. வகுத்தா 19.26. அந்த அளவுல தண்டவாளம் கடையில ரெடியா கிடைக்காது. அதனால நம்ம ஊர் அகலப் பாதை மாடல் பண்றவங்க பெரும்பாலும் 16.5-லயே ஓட்டுவாங்க. பார்க்க, குண்டான ஆளு ஒரே கால்ல நிக்கிற மாதிரி இருக்கும். இல்லைன்னா தண்டவாளத்தைத் தானே செய்யணும்.

மீட்டர் கேஜ் 1000. வகுத்தா 11.49. இதுக்கு 12 மில்லிமீட்டர்ல தண்டவாளம் கடையிலயே கிடைக்குது! எப்படின்னா, ஸ்விட்சர்லாந்து மலைப் பகுதியில மீட்டர் கேஜ் ரயில்கள் இன்னிக்கும் நிறைய ஓடுது. அதை மாடல் பண்றவங்களுக்காக எச்ஓஎம்னு ஒரு அளவே இருக்கு. நாம தினம் போற பாதைக்கு மாடல் தண்டவாளம் இல்லை, நாம பிடுங்கிப் போட்ட பாதைக்கு இருக்கு. தாத்தாகிட்ட இதைச் சொன்னப்போ ரொம்ப நேரம் சிரிச்சார். "அங்க பனியில ஓடறத இங்க கூடலூர் வெயில்ல போட்டிருக்க. நீளப் போவுது பாரு"ன்னார். (கடலூரை அவர் கூடலூர்னுதான் சொல்வார்.)

எஞ்சின்தான் பெரிய வேலை. தாத்தா ஓட்டினது ஒய்.பி. ரயில்வேயோட பேர் வைக்கிற முறை நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். முதல் எழுத்து கேஜ்: டபிள்யூ-ன்னா அகலம், ஒய்-ன்னா மீட்டர், இசட்-ன்னா குறுகல். நீராவி எஞ்சினுக்கு அடுத்த எழுத்து வேலை: பி பாசஞ்சர், ஜி கூட்ஸ். ஆக ஒய்.பி-ன்னா மீட்டர் கேஜ் பாசஞ்சர் எஞ்சின். 1949-ல இருந்து 1970 வரைக்கும் 871 எஞ்சின் கட்டினாங்க. முதல்ல அமெரிக்காவுல பால்ட்வின், அப்புறம் ஸ்காட்லாந்து, ஜெர்மனி, கடைசியில நம்ம ஜாம்ஷெட்பூர் டெல்கோ. ஓட்டுற சக்கரம் 4 அடி 6 அங்குல விட்டம், 1372 மில்லிமீட்டர். மாடல்ல 15.8. என்னோட ஒய்.பி. பாதிதான் முடிஞ்சிருக்கு. பித்தளைத் தகடு வெட்டி விரல்ல மூணு தையல். அதுவே தனிப் பதிவு, இன்னொரு நாள்.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு சின்ன ஸ்டேஷன் யார்டு 500 மீட்டர்னு வெச்சுக்கங்க. 87-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 5.75 மீட்டர். என் பலகையோ எட்டு அடி, நிஜத்துல 212 மீட்டருக்குச் சமம். அதனால பாதியை வெட்டணும். எதை வெட்டணும், எதை விடணும்னு முடிவு பண்ணணும்னா நிஜமா என்ன இருந்துச்சுன்னு தெரியணும். தெரிஞ்சுக்க ரெண்டு வழிதான். ஒண்ணு தாத்தா, இன்னொண்ணு பழைய புகைப்படம்.

யார் எடுத்த படம்?

பழைய ரயில் புகைப்படம் தேடினவங்களுக்கு ஒரு விஷயம் உடனே தெரியும். நம்ம ஊர் நீராவி ரயில் படங்கள்ல பெரும்பகுதி வெளிநாட்டுக்காரங்க எடுத்தது. காரணம் சிம்பிள். நமக்கு ஸ்டேஷன்ல படம் எடுக்க அனுமதி வாங்கணும், பாலத்துல "படம் எடுக்கக் கூடாது"ன்னு போர்டு. கேமரா வெச்சிருந்தவங்களே கம்மி, இருந்தாலும் ஃபிலிம் கல்யாணத்துக்குத்தான். தினம் பார்க்கிற கரி வண்டியை எவன் படம் எடுப்பான்?

அங்கே கதை வேற. பிரிட்டிஷ் ரயில்வேயில நீராவி 1968 ஆகஸ்ட்ல முடிஞ்சது. நீராவிப் பைத்தியங்க கேமராவைத் தூக்கிக்கிட்டு இன்னும் கரி எரியற நாட்டுக்கெல்லாம் கிளம்பினாங்க. அதுல முக்கியமான நாடு இந்தியா. காலின் காரட் மாதிரி ஆட்கள் உலகத்தோட கடைசி நீராவி எஞ்சின்களைப் படம் எடுக்கிறதையே வாழ்க்கையா வெச்சுக்கிட்டாங்க. அவங்க இல்லைன்னா நமக்கு இந்த அளவு படம்கூட மிஞ்சியிருக்காது. அதுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனா அவங்க பார்த்தது எஞ்சினை. ஃபோகஸ் எஞ்சின் மேல, குறிப்பு எஞ்சின் நம்பர் பத்தி. ஸ்டேஷனும் ஆளுங்களும் ஃபிரேம் ஓரத்துல தற்செயலா வந்து மாட்டினவங்க. மாடல் கட்டுறவனுக்கோ அந்த ஓரம்தான் வேணும். ஸ்லீப்பர் மரமா இரும்பா? வேலி முள்கம்பியா, பழைய தண்டவாளத்தை நட்டு வெச்ச வேலியா? தண்ணிக் குழாய் எந்தப் பக்கம்? படத்துல எஞ்சினை விட்டுட்டு மீதியையே நாள் கணக்கா பார்த்துட்டு இருப்பேன்.

எங்க ஸ்டேஷனுக்கு எத்தனை தேடியும் ஒரு படமும் சிக்கலை. நேர்லயும் போய்ப் பார்த்தேன். அகலப் பாதை போட்டப்போ யார்டே மாறிப் போச்சு. உயர பிளாட்பாரம், புதுக் கட்டடம், மேல மின்சாரக் கம்பி. பழசுன்னு சொல்ல ஒரு புளியமரம் மட்டும் நிக்குது.

அதனால தாத்தா சொல்லச் சொல்லக் கட்ட ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை வீடியோ கால். அவர் அங்க வாசல் திண்ணையில, நான் இங்க பலகை முன்னாடி. ஆரம்பத்துல நான் அட்டையில சிக்னல் செஞ்சு காட்டினேன். பார்த்ததும் சத்தமா சிரிச்சார்.

"என்னாடா இது, கை வலது பக்கம் நீட்டிக்கினு நிக்குது?"

"ஏன் தாத்தா, எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"டேய், வண்டி ஓட்டிக்கினு வர்றவனுக்குக் கை எப்பவும் கம்பத்துக்கு இடது பக்கம்தான்டா நீட்டும். முன்பக்கம் சிவப்பு, வெள்ளைப் பட்டை. பின்பக்கம் வெள்ளை, கறுப்புப் பட்டை. ராத்திரில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். தப்பா பார்த்தா உசுரு போயிடும்."

மறுபடி செஞ்சேன். அன்னிக்கு அதை ஒரு தமாஷா மட்டும்தான் எடுத்துக்கிட்டேன்.

படம் கிடைச்சது, வம்பும் வந்தது

போன வருஷம் ஒரு பழைய புத்தகக் கடையில இங்கிலீஷ் ரயில் புகைப்படத் தொகுப்பு ஒண்ணு கிடைச்சது. புரட்டினா, எங்க ஸ்டேஷன் பேரு! கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஒய்.பி. கேமராவைப் பார்த்து நின்னு தண்ணி பிடிக்குது. தண்ணிக் குழாய் பக்கத்துல மூணு ஆளுங்க. பின்னாடி ரயில், அதுக்கும் பின்னாடி தூரத்துல ஒரு சிக்னல். நீராவி மறைச்சதுல எஞ்சின் நம்பர் தெரியலை. கீழே குறிப்பு: விழுப்புரம் போகும் பாசஞ்சர் தண்ணீர் பிடிக்கிறது. கடையிலயே குதிக்காத குறைதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தா தலைசுத்திச்சு. தாத்தா சொன்னது இது: விழுப்புரம் போறப்போ தண்ணிக் குழாய் டிரைவருக்கு இடது பக்கம், ஊரு இருக்கிற மேற்குப் பக்கம். கூட்ஸ் சைடிங் வலது பக்கம். படத்துல அப்படியே தலைகீழ். குழாய் டிரைவருக்கு வலது, சைடிங் இடது.

நான் என்ன பண்ணேன்? நம்ம மூளை எப்படி யோசிக்கும்? புகைப்படம் ஆதாரம், ஞாபகம் வெறும் ஞாபகம். கால் போட்டேன். "தாத்தா, நீங்க மறந்துட்டீங்க, குழாய் அந்தப் பக்கம் இருந்திருக்கு, படமே இருக்கு"ன்னேன்.

"இல்லையே தம்பி... நான்தானே டெண்டர் மேல ஏறி பையைப் பிடிச்சு உள்ள விடுவேன்..."

"படத்துல தெளிவா இருக்கு தாத்தா."

கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப சரி. வயசாயிடுச்சில்ல"ன்னார். ஃபோனை அம்மாகிட்ட கொடுத்துட்டார்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி தாத்தா கடைக்குப் போயிட்டுத் திரும்பி வர வழி தெரியாம ஒரு மணி நேரம் சுத்தியிருக்கார். நேத்து யார் வந்தாங்கன்னு கேட்டா சில நாள் சொல்ல மாட்டார். வீட்டுல ஏற்கெனவே குசுகுசுன்னு பேச்சு இருந்துச்சு. நான் சொன்னதும் அது உறுதியான மாதிரி ஆயிடுச்சு. "பார்த்தியா, தான் வேலை பார்த்த இடமே மறந்துடுச்சு"ன்னு அப்பா சொன்னாராம். ஞாபகத்துக்கான டாக்டர்கிட்ட நாள் குறிச்சாங்க. அதுக்கப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை தாத்தா வீடியோ காலுக்கு வரலை. "தூங்குறார்டா"ன்னு அம்மா சொல்வாங்க. திண்ணையில உட்கார்ந்து ரயில் கதை பேசுறதையும் நிறுத்திட்டாராம். யாராவது கேட்டா, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா"ன்னு சொல்றாராம்.

நான் இங்க படத்தைப் பார்த்துக் குழாயையும் சைடிங்கையும் இடம் மாத்தி ஒட்டி, ஜல்லியும் கொட்டி, பசையும் ஊத்திட்டேன். அழகா வந்துச்சு. அதான் கொடுமை.

"டேய், இங்க பாரு"

டாக்டரைப் பார்க்கத் தாத்தாவைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. எங்க வீட்டுலதான் தங்கல். லேஅவுட்டை ஒரு தடவை பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. ராத்திரி நான் ஆபீஸ் ஆணியைப் பிடுங்கிட்டு இருந்தேன். தூக்கம் வராம பக்கத்துல வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்கட்டும்னு அந்தப் படத்தோட ஸ்கேனைப் பெரிய மானிட்டர்ல திறந்து வெச்சேன். புரையை ஆபரேஷன் பண்ணின கண்ணு, பெருசாக்கினா நல்லாவே தெரியும்.

எஞ்சினைப் பார்த்தார். புகைப்பெட்டிக் கதவைப் பார்த்தார். "நல்லா தொடச்சி வெச்சிருக்கான் பையன்"ன்னார். முகத்துல ஒரு வெளிச்சம். மவுஸைப் பிடிச்சு மெதுவா நகர்த்திக்கிட்டே போனார். ரயிலோட கடைசிப் பெட்டியைத் தாண்டி, அந்தத் தூரத்து சிக்னல்ல போய் நின்னார். கொஞ்ச நேரம் அசையலை.

"டேய், இங்க பாரு. இதைப் பெருசாக்கு."

பெருசாக்கினேன். அச்சுப் புள்ளி புள்ளியா தெரிஞ்சது.

"கை கறுப்பா தெரியுது, நடுவுல வெள்ளைப் பட்டை. அப்போ முன்பக்கம் நம்மளைப் பார்த்து இருக்கு. சரியா?"

"சரி."

"முன்பக்கம் நம்மளைப் பார்த்தா கை எந்தப் பக்கம் நீட்டணும்?"

எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சது. இடது பக்கம் நீட்டணும். படத்துல வலது பக்கம் நீட்டிட்டு நின்னுச்சு.

"எந்த ஊர்லடா சிக்னல் வலது பக்கம் கை நீட்டும்? உன் அட்டை சிக்னல்லதான் நீட்டுச்சு"ன்னார்.

நான் அவசரமா அந்த மூணு ஆளுங்க பக்கம் போனேன். ரெண்டு பேர் சட்டை போட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் பாக்கெட் வலது பக்க மார்புல. ஒருத்தர் கைக்கடிகாரம் வலது கையில. ஒரு ஆள் இடக்கைப் பழக்கம்னு வெச்சுக்கலாம், ரெண்டு தையல்காரருமா பாக்கெட்டை வலது பக்கம் வெச்சுத் தைப்பாங்க? படத்தை ஒரு கிளிக்ல இடவலமா திருப்பினேன். சிக்னல் கை இடது பக்கம் போச்சு. பாக்கெட் இடது மார்புக்குப் போச்சு. தண்ணிக் குழாய் டிரைவருக்கு இடது பக்கம், சைடிங் வலது பக்கம்.

தாத்தா ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்த அதே ஸ்டேஷன்.

நெகடிவ்ல இருந்து பிரின்ட் போடும்போது பக்கம் மாத்தி வெச்சா படம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி வந்துடும். எழுத்தோ நம்பரோ படிக்கிற மாதிரி இருந்தா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. இதுல நம்பரை நீராவி மறைச்சுடுச்சு. இவ்வளவு தூரம் வந்து, வெயில்ல நின்னு படம் எடுத்தவர் மேல குத்தம் இல்லை. அவருக்கு எஞ்சின் முக்கியம். எஞ்சின் அழகா இருக்கு.

பக்கத்துல பார்த்தேன். தாத்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். "கண்ணு கூசுது, லைட்டைக் கொற"ன்னார். குறைச்சேன்.

எதை நம்புறது?

இதை "ஞாபகம்தான் உண்மை, புகைப்படம் பொய்"னு முடிச்சா அது மொக்கை. தாத்தாவும் தப்பு சொல்லியிருக்கார். டிரைவர் ஆன வருஷத்தை அவர் சொன்னதுக்கும் சர்வீஸ் ரெக்கார்டுக்கும் மூணு வருஷம் வித்தியாசம். தேதியெல்லாம் அவருக்குக் கலங்கித்தான் போச்சு. டாக்டரும் வயசுக்கேத்த மறதி ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லி மருந்து கொடுத்திருக்கார். அது உண்மை, அதை மறைக்க மாட்டேன்.

ஆனா முப்பத்தெட்டு வருஷம் கையும் காலும் பழகின இடம் வேற. ராத்திரி இருட்டுல டெண்டர் மேல ஏறி, எந்தக் கை நீட்டினா குழாய் சிக்கும்னு உடம்புக்குத் தெரியும். தேதிக்கு நான் ரெக்கார்டை நம்புவேன், இடத்துக்கு அவரை நம்புவேன். படத்தை ரெண்டுக்கும் நடுவுல வெச்சு, அதையும் கேள்வி கேட்பேன். கோடுல பக் இருக்குன்னு யாராவது சொன்னா முதல்ல டெஸ்ட் டேட்டாவைப் பார்க்கணும்னு தினம் ஆபீஸ்ல ஜூனியருக்குப் பாடம் எடுக்கிறவன் நான். வீட்டுல ஒரு அச்சுப் படத்தைக் காட்டிப் பெரிய மனுஷன் வாயை அடைச்சுட்டேன்.

நம்ம மீட்டர் கேஜ் சரித்திரத்துல எஞ்சினுக்கு நம்பர் இருக்கு, கட்டின கம்பெனி பேர் இருக்கு, படம் இருக்கு. கரி அள்ளினவர், டோக்கன் வளையத்தைக் கையில மாட்டினவர், பாயின்ட்ஸ் இழுத்தவர், இவங்ககிட்ட யாரும் உட்கார்ந்து கேட்கலை. 1958-ல கிளீனரா சேர்ந்தவர் இன்னிக்கு 87. இன்னும் எத்தனை வருஷம் கேட்க முடியும்? தண்டவாளத்தைப் பிடுங்கினது அரசாங்கம். கேட்காம விடுறது நாமதான்.

போன வாரம் லேஅவுட்டுல வெந்நீர் ஊத்திப் பசையை இளக்கி, ஜல்லியைச் சுரண்டி, குழாயையும் சைடிங்கையும் பெயர்த்து எடுத்தேன். ரெண்டு மாச வேலை போச்சு. தாத்தா வீடியோ கால்ல பார்த்துட்டே இருந்தார். குழாயை மேற்குப் பக்கம் வெச்சுக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி. எஞ்சின் மூக்கு நிக்கிற எடத்துக்கு இல்ல, டெண்டர் நிக்கிற எடத்துக்கு. தண்ணி டெண்டர்லதானே பிடிப்போம்?"

நகர்த்தினேன்.

"இன்னும் ஒரு விரக்கடை பின்னாடி."

நகர்த்தினேன்.

"ஆங். அங்கதான். வெய்யி."

வெச்சுட்டேன்.

மக்களே, உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ரயில்வேயில வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தா, அடுத்த லீவுக்கு ஒரு பழைய படத்தை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உட்காருங்க. எஞ்சினைப் பத்திக் கேட்காதீங்க, ஓரத்துல இருக்கிறதைப் பத்திக் கேளுங்க. என்ன சொன்னார்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

ஒய்.பி. முடிஞ்சதும் படத்தோட அடுத்த பதிவு. விரல்ல தையல் பிரிச்சாச்சு :-)